மெர்ச்சண்டைசிங்கை விட்டு வெளியே வந்த வருடம்

2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டதிலிருந்து எனக்கு போன் வராத வாரமே இல்லை. திருப்பூரில் நான் இருந்த பழைய பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் என்னோடு வேலை பார்த்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று வரிசையாகக் கூப்பிடுகிறார்கள். "அக்கா, நீங்க முன்னாடியே இந்த ஃபீல்டை விட்டு வந்துட்டீங்க. எப்படிங்க்கா மாறினீங்க? நானும் ராஜினாமா பேப்பர் போட்டுடலாமான்னு இருக்கு" என்று கேட்கிறார்கள். சிலர் பேசும்போதே அழுதுவிடுகிறார்கள். இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை என்பதால் எழுதி வைக்கிறேன். 2024 எனக்கு எப்படிப் போனது, எங்கெங்கே பணம் போனது, எதை வேலையில் இருக்கும்போதே முடித்திருக்க வேண்டும் என்பதெல்லாம் இதில் இருக்கிறது. அன்றைக்கு எனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது, அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் 2015 செப்டம்பரில் திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் அசிஸ்டென்ட் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்தேன். ஒரு ஆர்டர் கன்ஃபார்ம் ஆனதிலிருந்து கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்புகிற வரைக்கும் அத்தனையும் மெர்ச்சண்டைசர் தலையில்தான். சாய நிறத்துக்கான சின்னத் துணி மாதிரிக்கு, அதாவது லேப் டிப்புக்கு அப்ரூவல் வாங்கணும், அளவு பார்க்க ஃபிட் சாம்பிள் அனுப்பணும், டையிங்கில் நிறத்தின் ஷேடு தள்ளிப்போனால் அங்கே ஓடணும், லேபிள் வரவில்லை என்றால் பேக்கிங் நிற்கும், பேக்கிங் நின்றால் ஆர்டர் கொடுத்த பையருக்குப் பதில் சொல்லணும். எனக்கு அந்த வேலை உண்மையிலேயே பிடித்திருந்தது. 2022-ல் நூல் விலை தாறுமாறாக ஏறி, மே மாதம் ஊரே இரண்டு நாள் உற்பத்தியை நிறுத்தியது பலருக்கு நினைவிருக்கும். அதற்கு அடுத்த வருடம் வெளிநாட்டு ஆர்டர்கள் சுருங்கின. எங்கள் டீமில் விலகியவர்களின் இடத்தில் ஆள் எடுக்கவில்லை, மூன்று பேர் பார்த்த ஆர்டர்களை நான் ஒருத்தி பார்த்தேன். ஐந்தாம் தேதி சம்பளம் பதினைந்துக்குப் போனது, அப்புறம் இருபதுக்குப் போனது. அமெரிக்க பையர் ராத்திரி பதினொன்றுக்கு மெயில் போட்டால் அப்போதே பதில் போகணும். பையன் அப்போது இரண்டாம் வகுப்பு. ஒரு நாள் அவன் டைரியில் "அம்மா கையெழுத்து" என்ற இடத்தில் தொடர்ந்து பல நாளாக அவனுடைய பாட்டி கையெழுத்து இருப்பதைப் பார்த்தேன். அந்த வாரமே வீட்டுக்காரரிடம் பேசினேன். "ஏங்க, நான் வேற வேலைக்கு மாறப் போறேங்க" என்றேன். அவர் பிரிண்டிங் யூனிட்டில் வேலை பார்க்கிறார், அவர் சம்பளம் வீட்டு வாடகைக்கும் மளிகைக்கும் சரியாக இருக்கும். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சமாளிப்போம்" என்றார். 2024 ஜனவரியில் எழுதிக் கொடுத்தேன், மார்ச் கடைசியில் வெளியே வந்தேன்.

வெளியே வருவது என்பதே ஒரு தனி வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் இரண்டு மாத நோட்டீஸ் என்று இருந்தது. இரண்டு மாதமும் முழுசாக வேலை பார்த்தேன். கடைசி நாளில் ரிலீவிங் லெட்டர் கேட்டபோது, "அந்த ஜெர்மன் ஆர்டர் ஷிப்மென்ட் போகட்டும், தர்றோம்" என்றார்கள். ஷிப்மென்ட் போனது, லெட்டர் வரவில்லை. கடைசி மாதச் சம்பளமும் செட்டில்மென்ட்டும் ஜூன் வரை இழுத்தது. ராஜினாமாவை வாயால் சொல்லாமல் மெயிலில் அனுப்பியிருந்தது அங்கேதான் கை கொடுத்தது. எந்தத் தேதியில் கொடுத்தேன், யார் ஏற்றுக்கொண்டார்கள், கடைசி நாள் எது என்று எல்லாமே எழுத்தில் இருந்ததால், அவர்கள் "நீ திடீர்னு நின்னுட்டே" என்று சொல்ல இடமில்லாமல் போனது. அந்த மெயில்களையும், சம்பள ஸ்லிப்புகளையும், வரிப் பிடித்தச் சான்றான ஃபார்ம் 16-ஐயும் சொந்த மெயிலுக்கு முன்பே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் மாலையே ஆபீஸ் மெயிலை மூடிவிடுவார்கள், அதற்குப் பிறகு ஒரு பேப்பருக்கும் நாம் போய்க் கெஞ்ச வேண்டியிருக்கும்.

அடுத்தது இனிஷியல். இது நம் ஊர்ப் பெண்களுக்கென்றே உள்ள தொல்லை. வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு அப்பா பெயரின் இனிஷியல். பிஎஃப் கணக்கில் அதுதான் ஏறியிருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் கணவர் பெயரின் இனிஷியல் மாறியது. பேங்கில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக. வேலையில் இருக்கிற வரைக்கும் இது யார் கண்ணிலும் படாது. பணம் எடுக்கப் போகும்போது கிளைம் ரிஜெக்ட் ஆகும். சரிசெய்ய ஜாயின்ட் டிக்ளரேஷன் என்ற திருத்த விண்ணப்பம் போடணும். அப்போது என் மாதிரி பழைய கணக்குக்காரர்களுக்கு அதை கம்பெனியும் ஒப்புதல் கொடுத்து அனுப்ப வேண்டியிருந்தது. வேலையை விட்டு வந்த ஒருத்திக்காக அங்கே யார் உட்கார்ந்து பட்டனை அழுத்துவார்கள்? அக்கவுன்ட்ஸில் இருந்த ஒரு அண்ணனைப் பிடித்துப் பிடித்துத்தான் அது நடந்தது. அதோடு, கம்பெனி என் வெளியேறிய தேதியையும் போடவில்லை. அதற்கு மட்டும் ஒரு வழி இருக்கிறது. கடைசிப் பிஎஃப் தொகை கட்டி இரண்டு மாதம் ஆன பிறகு, யுஏஎன் என்ற பிஎஃப் எண்ணுக்கான போர்ட்டலில் நாமே ஆதார் ஓடிபி வைத்து அந்தத் தேதியைப் பதிந்துகொள்ளலாம். நான் அப்படித்தான் செய்தேன். பேப்பர் போடுவதற்கு ஒரு மாதம் முன்னால் ஆதார், பான், பேங்க் பாஸ்புக், பிஎஃப் நான்கையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பிறந்த தேதியையும் பாருங்கள். எனக்கு ஒரு தடவை செக் லீஃபில் பெயர் அச்சாகவில்லை என்பதற்காகக் கூட கிளைம் திரும்பி வந்தது.

பணிக்கொடையை, அதாவது கிராஜுவிட்டியை நான் மறந்தே இருந்தேன், அந்த அண்ணன்தான் ஞாபகப்படுத்தினார். அப்போதிருந்த சட்டப்படி, ஐந்து வருடம் முடித்தவர்களுக்கு, கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, எத்தனை வருடமோ அத்தனையால் பெருக்க வேண்டியிருந்தது. எனக்கு அடிப்படை 18,000. கம்பெனி எட்டு வருடத்துக்குக் கணக்குப் போட்டு 83,000 சொச்சம் என்று காட்டியது. என் சர்வீஸ் எட்டு வருடம் ஏழு மாதம். ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் அதை முழு வருடமாக எடுக்கணும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஒன்பது வருடத்துக்குப் போட்டால் 93,000-க்கு மேல் வரும். எழுத்தில் கேட்டேன், பதில் இல்லை. அப்போதிருந்த சட்டப்படி முப்பது நாளைக்குள் கொடுக்கவில்லை என்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு போடலாம் என்பதைக் குறிப்பிட்டு இன்னொரு மெயில் அனுப்பினேன். அந்த வாரமே திருத்திக் கொடுத்தார்கள். பத்தாயிரம் ரூபாய் வித்தியாசம், அது அந்த நேரத்தில் எங்கள் வீட்டுக்கு மூன்று வார மளிகையும் பையனுடைய வேன் காசும்.

எனக்கு அதிகம் வலித்தது அம்மாவின் கண் விஷயம்தான். கம்பெனியில் குரூப் இன்சூரன்ஸ் இருந்தது, அதில் அம்மாவையும் சேர்த்திருந்தேன். பிப்ரவரியில் அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை என்று சொன்னார்கள். சர்க்கரை அதிகமாக இருந்ததால், அது குறைந்த பிறகு ஆபரேஷன் செய்யலாம் என்று டாக்டர் தள்ளிவைத்தார். சர்க்கரை கட்டுக்குள் வந்தபோது ஏப்ரல் பிறந்துவிட்டது. மார்ச் கடைசியோடு என் கவரேஜ் முடிந்தது என்று கவுன்ட்டரில் நின்றபோதுதான் சொன்னார்கள். புதிதாக பாலிசி எடுத்தாலும் கண்புரைக்குப் பெரும்பாலும் இரண்டு வருடம் காத்திருக்கணும். கையிலிருந்து 58,000 ரூபாய் கட்டினேன். அம்மா வழியெல்லாம், "எனக்கு இப்பவே வேண்டாம் கண்ணு, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் சம்பாதித்த வரைக்கும் அம்மா அப்படிப் பேசியதே இல்லை. அது இன்னும் காதில் இருக்கிறது. கடைசி நாளுக்கு முன்பே ஹெச்.ஆரிடம் கேளுங்கள்: குரூப் பாலிசியிலிருந்து அதே இன்சூரன்ஸ் கம்பெனியின் தனி பாலிசிக்கு மாற முடியுமா என்று. பிரீமியம் வயசுக்கும் உடம்புக்கும் தகுந்தபடி ஏறும், ஆனால் ஏற்கெனவே கவரேஜில் இருந்த காலம் காத்திருப்புக் காலத்தில் கழியும். வேலையை விட்ட பிறகு இதைக் கேட்டால் கதவு மூடியிருக்கும். ஆபரேஷன் ஏதாவது நிலுவையில் இருந்தால் தேதியை அதை வைத்தே முடிவு செய்யுங்கள்.

அந்த முதல் சில வாரங்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் இது வெறும் பணக்கணக்காகிவிடும். காலையில் எட்டரைக்கு எங்கள் தெருவில் கம்பெனி வேன்கள் வரும். சுடிதார் போட்டு, டிபன் பையோடு எல்லாரும் ஏறுவார்கள். நான் அந்த நேரத்துக்கு வாசலில் நிற்பதைத் தவிர்த்தேன், துணி காயப்போடக்கூட ஒன்பதுக்கு மேல்தான் மாடிக்குப் போவேன். ராத்திரி பதினொன்றுக்கு எந்த மெயிலும் வராது என்று தெரிந்தும் கை போனைத் தேடும். காங்கேயத்தில் ஒரு கல்யாணத்தில் பெரியம்மா, "இப்ப எந்தக் கம்பெனியில இருக்கே?" என்று கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. கம்பெனி பேர் சொல்லித்தான் இத்தனை வருடம் என்னை நானே அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தேன் என்பது அன்றைக்குப் புரிந்தது. அப்புறம் ஒரு பதிலைத் தயார் செய்து வைத்துக்கொண்டேன்: "கோயம்புத்தூர்ல கம்ப்யூட்டர் கோர்ஸ் படிக்கிறேனுங்க பெரியம்மா." அதற்கு மேல் யாரும் தோண்டுவதில்லை. சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் விசேஷ வீடுகளுக்குப் போகும் தைரியம் அந்த ஒரு வரியில் வந்தது.

அந்த கோர்ஸ் கதைக்கு வருகிறேன். காந்திபுரத்தில் ஒரு பயிற்சி நிலையம், டேட்டா அனலிடிக்ஸ், ஆறு மாதம், 85,000 ரூபாய். கவுன்சிலிங்கில் இருந்த பெண் மிகவும் அன்பாகப் பேசினாள், "உங்க எக்ஸெல் அனுபவத்துக்கு மூணே மாசத்துல வேலை மேடம், நாங்க பிளேஸ்மென்ட் பண்ணித் தர்றோம்" என்றாள். மொத்தமாகக் கட்ட வேண்டாம், மாதம் ஏழாயிரத்துச் சொச்சம், வட்டியில்லாத தவணை என்றாள். டேப்லெட்டைக் கையில் கொடுத்தாள், ஓடிபி வந்தது, சொன்னேன். சாயங்காலம் வந்த எஸ்எம்எஸ்ஸில்தான் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர் இருந்தது. பயிற்சி நிலையத்துக்கு நான் தவணையில் ஃபீஸ் கட்டவில்லை. என் பெயரில் ஒரு கடன் போட்டு, முழுப் பணத்தையும் அவர்கள் அன்றைக்கே வாங்கிக்கொண்டார்கள். இதை அந்த மேசையில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இரண்டாவது மாதத்தில் நன்றாகச் சொல்லித் தந்த சார் விலகிவிட்டார். அதற்குப் பிறகு பழைய பேட்ச்சின் ரெக்கார்டிங்கைப் பார்க்கச் சொன்னார்கள். வகுப்பு நின்றாலும் தவணை நிற்கவில்லை. நிலையத்தில் கேட்டால் "ஃபைனான்ஸ்ல பேசுங்க", ஃபைனான்ஸில் கேட்டால் "இன்ஸ்டிட்யூட்ல பேசுங்க". கட்டாமல் விட்டால் பவுன்ஸ் சார்ஜும் சிபில் என்ற கடன் பதிவில் கறையும் வரும் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினேன்.

பிளேஸ்மென்ட் என்பது வாட்ஸ்அப் குரூப்பில் வரும் வாக்-இன் விளம்பரங்கள்தான். யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய அதே விளம்பரங்கள். அதில் ஒன்றும் அமையாதபோது, நிலையத்தில் இருந்த ஒருவர் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு 35,000 கட்டுங்க, மூணு வருஷ ஐடி அனுபவம் காட்டி ஆஃபர் லெட்டர், பே ஸ்லிப் எல்லாம் தர்றோம்" என்றார். எனக்குக் கை நடுங்கியது. எட்டரை வருடம் உண்மையாக வேலை பார்த்திருக்கிறேன், அதை அழித்துவிட்டு மூன்று வருடப் பொய்யை எழுதச் சொல்கிறார். கூட இருந்த ஒரு பையன் கட்டினான். வேலையும் கிடைத்தது, இரண்டாவது மாதம் பின்னணி விசாரணையில் யுஏஎன் விவரத்தைக் கேட்டார்கள், அதில் எந்தக் கம்பெனியில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பது அப்படியே இருக்கும். அன்றைக்கே வெளியே அனுப்பிவிட்டார்கள். யாராவது அனுபவச் சான்றிதழ் விற்கிறேன் என்று வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கோர்ஸ் சேர நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நடந்துகொண்டிருக்கும் ஒரு வகுப்பில் ஒரு நாள் உட்கார விடச் சொல்லுங்கள், விடாவிட்டால் அங்கே சேர வேண்டாம். வாயால் சொல்லும் "கேரன்டி" ரசீதுக்குப் பின்பக்கம் வெறும் "உதவி" ஆகியிருக்கும், எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். மாதா மாதம் நேரடியாக நிலையத்துக்குக் கட்டும் வழி இருந்தால் மட்டும் தவணை. ஓடிபி கேட்டால், இது கடனா, யார் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி அப்படிப்பட்ட டிஜிட்டல் கடனை எடுத்த சில நாட்களுக்குள் அபராதம் இல்லாமல் திருப்பிக் கொடுத்து வெளியே வரலாம், எத்தனை நாள் என்பது கடன் விவரத் தாளிலேயே இருக்கணும். கடன் கொடுத்தவரிடம் எழுத்தில் புகார் கொடுத்து முப்பது நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். பயிற்சி நிலையத்தின் மேல் நான் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். நடத்தாத வகுப்புக்கென்று 22,000 ரூபாய் கடைசியில் திரும்ப வந்தது. அந்தப் புகாருக்கு ஒரு பைசா செலவில்லை. கற்றுக்கொண்டது என்று பார்த்தால், டேட்டாவிலிருந்து விவரம் எடுக்க உதவும் எஸ்க்யூஎல்லை நான் ஐஐடிகள் நடத்தும் என்பிடெல்லில் இலவச ஆன்லைன் வகுப்பில்தான் ஒழுங்காகப் படித்தேன், தேர்வு எழுதினால் மட்டும் அப்போது ஆயிரம் ரூபாய்.

ஆடி மாதம் வந்தபோது கையிருப்பு தீர்ந்தது. ஏலச்சீட்டு வேறு ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்த முடியாது. பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில், "மூவாயிரம் கொடுங்க, பிஎஃப் மொத்தத்தையும் எடுத்துத் தர்றேன், ஃபார்ம் 19, ஃபார்ம் 10சி ரெண்டையும் போட்டுடலாம்" என்றார் ஒருவர். வீட்டில் பேசி, சரி என்று முடிவு செய்திருந்தோம். அதே அக்கவுன்ட்ஸ் அண்ணன் போனில் சத்தம் போட்டார்: "10சி போடாதே சாமி. அது பென்ஷன் பணம்." அவர் சொன்னது இது. நம் பிஎஃப்பில் கம்பெனி போடும் பங்கில் ஒரு பகுதி, அதிகபட்சம் மாதம் 1,250 ரூபாய், பென்ஷன் கணக்குக்குப் போகிறது. மொத்தம் பத்து வருட சர்வீஸ் இருந்தால்தான் 58 வயதில் மாதப் பென்ஷன் உண்டு. பத்து வருடத்துக்கு முன்னால் அந்தப் பணத்தை எடுத்துவிட்டால், அந்த சர்வீஸ் அழிந்து அடுத்த வேலையில் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பிக்கும். என்னுடைய எட்டு வருடம் ஏழு மாதமும் அந்த ஒரு படிவத்தில் போயிருக்கும். பென்ஷன் பெரிய தொகை இல்லை, 15,000-ஐ சர்வீஸ் வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் வருவதுதான். பத்து வருடத்துக்கு இரண்டாயிரத்துச் சொச்சம், இருபத்தைந்து வருடத்துக்கு ஐந்தாயிரத்துச் சொச்சம். ஆனால் அது நமக்குப் பின் குடும்பத்துக்கும் தொடரும் பணம். அப்போதிருந்த விதிப்படி ஒரு மாதம் வேலையில்லாமல் இருந்தவர்கள் பிஎஃப்பில் 75 சதவீதம் வரை முன்பணமாக எடுக்கலாம். கணக்கு உயிரோடு இருக்கும். நான் அதில் தேவையான அளவு மட்டும் எடுத்தேன். இந்த விதிகளை மாற்ற 2025-ல் முடிவெடுத்தார்கள், அதனால் எடுக்கும் முன் இன்றைய நிலையை விசாரித்துக்கொள்ளுங்கள். பென்ஷன் பணத்தை மட்டும் அவசரத்தில் தொடாதீர்கள்.

மிச்சத்துக்கு நகை போனது. ஐந்து பவுன், ஒன்றரை லட்சம். தெருமுனைக் கடையில் நூற்றுக்கு இரண்டு வட்டி கேட்டார்கள், வருடத்துக்கு 24 சதவீதம் ஆகிறது. பேங்கில் அதில் பாதிக்கும் குறைவு. பேங்கில் அரை நாள் காத்திருக்கணும், அவ்வளவுதான். வேலை மாறும்போது பர்சனல் லோன் எடுக்காதீர்கள், சம்பளம் இல்லாத மாதத்திலும் அந்தத் தவணை கழுத்தைப் பிடிக்கும். நகைக்கடனில் வட்டியை மட்டும் கட்டி மூச்சு வாங்கலாம்.

திருப்பம் என்று சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் பழைய டையிங் யூனிட் மேனேஜர் ஒருநாள் பேசும்போது, கோவையில் கார்மென்ட் கம்பெனிகளுக்கு ஈஆர்பி, அதாவது ஆர்டர், ஸ்டாக், கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கும் மென்பொருள் செய்யும் இடத்தில் ஆள் தேடுகிறார்கள் என்றார். "புரோகிராம் எழுதற ஆளில்லீங்க, ஃபேக்டரி ஃப்ளோரு தெரிஞ்ச ஆள் வேணுமாம்." அதுவரை என் ரெஸ்யூமில் மெர்ச்சண்டைசிங்கை இரண்டு வரியில் சுருக்கி அடியில் தள்ளச் சொல்லியிருந்தார்கள் பயிற்சி நிலையத்தில். ஐடிக்கு அது "ரெலவன்ட்" இல்லையாம். நான் அதை எடுத்து மேலே வைத்தேன். ஒரு முழுப்பக்கத்துக்கு, காலையிலிருந்து ராத்திரி வரை என்ன செய்தேன் என்று எழுதினேன்.

இன்டர்வியூவில் ஒரு ஸ்கிரீனைக் காட்டினார்கள், துணித் தேவையைக் கணக்கிடும் இடம். பத்தாயிரம் பீஸ், ஒரு பீஸுக்கு 220 கிராம், அப்புறம் இழப்பு சதவீதம் என்று ஒரே ஒரு கட்டம். "இதுல ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார் ஒருவர். எனக்கு வார்த்தை தானாக வந்தது. நிட்டிங்கில் ஒரு இழப்பு, டையிங்கில் ஒரு இழப்பு, துணியை அழுத்திச் சரிசெய்யும் காம்பாக்டிங்கில் அகலம் மாறினால் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை மாறும், கட்டிங்கில் வேஸ்ட், கழுத்துப் பட்டிக்குப் போடும் ரிப்புக்குத் தனிக் கணக்கு. வெள்ளைக்கும் கருப்புக்கும் இழப்பு ஒரே மாதிரி இருக்காது. இந்த ஒரு கட்டத்தை நம்பி நூல் வாங்கினால் கடைசியில் அறுபது எழுபது கிலோ துணி குறையும், அப்போது அதே ஷேடில் சின்ன லாட் போட எந்த டையிங்கும் வாங்காது, தாமதமாகி ஷிப்மென்ட் விமானத்தில் போகும், பணத்தைப் பிடித்துக்கொள்வதாகப் பையரிடமிருந்து டெபிட் நோட் வரும். போர்டில் எழுதியே காட்டினேன். அந்த அறையில் இருந்தவர்கள் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார்கள். அவ்வளவு மாதத்தில் முதல் முறையாக என் குரல் எனக்குப் பழைய மாதிரி கேட்டது.

2024 டிசம்பரில் சேர்ந்தேன். பழைய சம்பளம் 42,000, இங்கே 28,000. ஆறு மாதம் கழித்து மறுபரிசீலனை என்று ஆஃபர் லெட்டரிலேயே ஒரு வரி சேர்க்கச் சொன்னேன், சேர்த்தார்கள். வாயால் ஒத்துக்கொள்கிறவர்கள் எழுதித் தரவும் தயங்க மாட்டார்கள், அதனால் கேட்பதில் வெட்கமே வேண்டாம். இப்போது 36,000. சேர்ந்ததும் பழைய பிஎஃப் கணக்கைப் புதியதோடு மாற்றிக்கொண்டேன், பென்ஷன் சர்வீஸும் தொடர்கிறது. ஆபீஸில் என்னைவிடப் பத்து வயது சின்னவர்கள் எனக்குச் சொல்லித் தருகிறார்கள். முதல் மாதம் அது கஷ்டமாகத்தான் இருந்தது. ஒரு பையனிடம் நான் எஸ்க்யூஎல்லில் இரண்டு டேபிளை ஜாயின் செய்வது எப்படி என்று கேட்பேன், அவன் என்னிடம் பிபி சாம்பிள், அதாவது உற்பத்திக்கு முன் அனுப்பும் மாதிரி, என்றால் என்ன என்று கேட்பான். இப்படியே பழகிவிட்டோம். திருப்பூரிலிருந்து ரயிலில் போய் வருகிறேன், சீசன் டிக்கெட். ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறேன். பையன் டைரியில் இப்போது என் கையெழுத்துதான்.

சம்பளம் இல்லாத மாதங்கள், கோர்ஸ், அம்மாவின் கண், நகை வட்டி எல்லாம் சேர்த்தால் நாலரை லட்சத்துக்குக் கிட்டே வருகிறது. அதில் சம்பள இழப்பைத் தவிர்த்திருக்க முடியாது. மிச்சத்தில் பெரும்பகுதி விவரம் தெரியாததால் போன பணம். மாறுவதற்கு ஆறு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். நான் பார்த்த வரைக்கும் அது போதாது, எட்டு ஒன்பது மாதம் வேண்டும். அதுவும் கம்பெனி செட்டில்மென்ட்டை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது, அது எப்போது வருமோ தெரியாது.

இப்போது போன் செய்கிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த கோர்ஸ் சேரட்டுங்க்கா?" நான் பதில் சொல்வதில்லை. ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள் என்கிறேன். காலையில் ஆபீஸ் போனதிலிருந்து என்னென்ன செய்கிறீர்கள், யாரிடம் பேசுகிறீர்கள், எந்தப் பேப்பர் உங்கள் கை வழியாகப் போகிறது, எது தப்பானால் உங்களைத் தேடுவார்கள் என்று. போன மாதம் ஏற்றுமதிப் பேப்பர்களைப் பார்க்கும் டாக்குமென்டேஷன் பிரிவில் இருக்கும் ஒரு தம்பி எழுதி அனுப்பினான். அவனும் டேட்டா அனலிடிக்ஸுக்குப் பணம் கட்ட இருந்தவன்தான். எல்சி, அதாவது பையருடைய பேங்க் தரும் பண உத்தரவாதத்தின் ஷரத்துகளைச் சரிபார்ப்பது, ஷிப்பிங் பில், பில் ஆஃப் லேடிங், டியூட்டி டிராபேக் என்று பக்கம் நிறைய இருந்தது. பனியனுக்கு மட்டும் உதவும் வேலை அதில் கால்வாசி கூட இல்லை. இயந்திரம், தேங்காய் நார், உணவுப்பொருள் என்று எதை ஏற்றுமதி செய்தாலும் அந்தப் பேப்பர்கள் வேண்டும். கோர்ஸை ஒத்திப் போட்டுவிட்டு, கோவையிலும் தூத்துக்குடியிலும் இருக்கும் கஸ்டம்ஸ் ஏஜென்ட், சரக்கு அனுப்பி வைக்கும் ஃப்ரெயிட் ஃபார்வர்டிங் கம்பெனிகளுக்கு அந்தப் பக்கத்தையே அனுப்பச் சொன்னேன். இரண்டு இடத்திலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். இன்னும் பேப்பர் போடவில்லை, ஆஃபர் கையில் வந்த பிறகுதான் போடுவேன் என்கிறான். பிஎஃப்பில் அவன் இனிஷியலும் தப்பாகத்தான் இருந்தது. அதை இந்த வாரம் திருத்தக் கொடுத்திருக்கிறான்.